வட்டிக் கணக்கும் ஜேன் ஆஸ்டினும்

1811-ல் லண்டனில் அச்சான ஒரு நாவல், காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தால் பொருந்துமா? 2000-ல் வந்த 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' படத்தில் கச்சிதமாகப் பொருந்தியது. இயக்கம் ராஜீவ் மேனன், வசனம் சுஜாதா. மூலம் ஜேன் ஆஸ்டினின் 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'.

காதல் எந்த ஊருக்கும் பொது, அதனால்தான் பொருந்தியது என்பது தங்கமணியின் கட்சி. நான் பி.காம். காரன், என் கட்சி வேறு. பொருந்தியது காசு :-)

நாவலின் இரண்டாம் அத்தியாயத்தைப் படித்துப் பாருங்கள். அப்பா செத்துப் போகிறார். சொத்தெல்லாம் முதல் தாரத்து மகன் பக்கம் போய்விடுகிறது. தங்கைகள் மூன்று பேருக்கும் ஆளுக்கு ஆயிரம் பவுண்டு தரலாம் என்று அவன் நினைக்கிறான். மனைவி பேசப் பேச அது ஆளுக்கு ஐநூறு ஆகிறது. அப்புறம், சின்னம்மாவுக்கு வருஷம் நூறு கொடுத்தால் போதாதா என்கிறான். வருஷாவருஷம் பணம் வாங்குகிறவர்கள் லேசில் சாகமாட்டார்கள் என்று அவள் பயமுறுத்துகிறாள். (பென்ஷன் கவுண்டரில் உட்கார்ந்தவர்களுக்கு இந்த இடத்தில் சிரிப்பு வரும்.) எப்போதாவது ஐம்பது பவுண்டு என்று இறங்கி, கடைசியில் வீடு மாற ஒத்தாசையும் சீசனுக்குக் கொஞ்சம் மீனும் போதும் என்று முடிகிறது. அந்த அம்மாவுக்கும் பெண்களுக்கும் மிஞ்சியது பத்தாயிரம் பவுண்டு, வருமானம் வருஷம் ஐநூறு. அதாவது ஐந்து சதவீத வட்டி!

இதைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவருவதில் ஒரு சிக்கல் உண்டு. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, அப்பா உயில் எழுதாமல் போனால் அவர் சுயமாகச் சம்பாதித்த சொத்தில் மகளுக்கும் சம பங்கு. அப்புறம் பெண்களை எப்படித் தெருவில் நிறுத்துவது? படத்தில் அதற்கு ஒரு பழைய உயில். மகள் வீட்டுக்குத் தெரியாமல் கல்யாணம் செய்துகொண்ட கோபத்தில் தாத்தா என்றைக்கோ எழுதியது. சாகும்போது ஏதோ சொல்ல முயல்கிறார், யாருக்கும் புரியவில்லை. நம்ம ஊரில் உயில் தகராறு பார்க்காத குடும்பம் ஏது?

அடுத்தது வில்லோபி. நாவலில் அவன் மேரியானைக் கைவிட்டு ஐம்பதாயிரம் பவுண்டு சீதனக்காரியைக் கட்டிக்கொள்கிறான். படத்தில் அப்பாஸ் நிதி நிறுவனம் நடத்தித் திவாலாகி, காப்பாற்ற வந்த மந்திரியின் மகளைக் கட்டிக்கொள்கிறார். தொண்ணூறுகளில் தமிழ்நாட்டில் நிதி நிறுவனங்கள் வரிசையாகக் கவிழ்ந்து, 1997-ல் முதலீட்டாளர் பாதுகாப்புக்கென்று தனிச் சட்டமே போட வேண்டி வந்தது. அந்தப் புண் ஆறுமுன் வந்த படம் இது. என்னைக் கேட்டால் படத்தின் ஆகச் சிறந்த மாற்றம் இதுதான்.

இந்த வித்தை நமக்குப் புதிதும் இல்லை. ஆந்திரத்தில் கந்துகூரி வீரேசலிங்கம் 1878-லேயே செய்துவிட்டார். கோல்ட்ஸ்மித்தின் 'விகார் ஆஃப் வேக்ஃபீல்ட்' தந்த தூண்டுதலில் 'ராஜசேகர சரித்திரமு' எழுதினார். மூலத்தில் பாதிரியாரின் பணத்தோடு ஒரு வியாபாரி ஓடிப்போகிறான். தெலுங்கில், தங்கம் செய்து தருகிறேன் என்ற பைராகி வீட்டு நகையோடு கம்பி நீட்டுகிறான். அந்தத் தெலுங்கு நாவல் 1887-ல் திரும்ப ஆங்கிலத்துக்கே போனது தனிக்கதை.

தமிழில் ஆரணி குப்புசாமி முதலியார் ரெய்னால்ட்ஸ் நாவல்களைத் தழுவித் தழுவி எழுதித் தள்ளினார். புதுமைப்பித்தனுக்குத் தழுவல் என்றாலே ஆகாது, ஆனால் ஜனம் படித்தது. 1969-ல் 'ஜேன் அயர்' சாயலில் 'சாந்தி நிலையம்' வந்தது. ஜெமினி, காஞ்சனா, மார்கஸ் பார்ட்லி கேமரா. அதில் காசு பின்னுக்குப் போய்க் குழந்தைகள் முன்னுக்கு வந்துவிட்டார்கள், எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை.

கர்னல் பிராண்டனைச் சொல்லாமல் விட்டேனே! நாவலில் அவர் கிழக்கிந்தியப் பக்கம் பட்டாளத்தில் இருந்து வந்தவர். படத்தில் மம்மூட்டி, இலங்கையில் அமைதிப்படையில் காலை இழந்த மேஜர். திருமுல்கேரி மாதிரி கன்டோன்மென்ட் பேட்டையில் குடியிருக்கிறவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்தவே வேண்டாம். மதராஸ் பட்டாளத்தோடு வந்த தமிழர்கள் தங்கிவிட்ட ஊர் இது. காலையில் பால் வாங்கப் போனால் இரண்டு மேஜருக்காவது வணக்கம் சொல்லாமல் திரும்ப முடியாது.