இடைத்தட்டு அறுவை சிகிச்சை: கிருமித்தொற்றைத் தடுக்கும் மருந்து தட்டை எவ்வாறு அடைகிறது?

டிஸ்க் எனப்படும் முதுகெலும்பு இடைத்தட்டில் அறுவை சிகிச்சை செய்யும்போது, தோலைக் கீறுவதற்கு முன்பே நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து சிரை வழியாகச் செலுத்தப்படுகிறது. அதன் காரணத்தையும் நீங்கள் கவனிக்க வேண்டியவற்றையும் இப்பக்கம் விளக்குகிறது.

மருந்து செல்லும் வழி

வளர்ந்தவர்களின் இடைத்தட்டின் உட்பகுதியில் இரத்தக் குழாய்கள் இல்லை. மேலும் கீழும் உள்ள முள்ளெலும்புகளின் நுண்ணிய குழாய்களிலிருந்து, மெல்லிய குருத்தெலும்புப் படலத்தின் வழியாக, ஊட்டப்பொருள்கள் சிறிது சிறிதாகத் தட்டுக்குள் பரவுகின்றன. மருந்தும் இவ்வழியாகவே செல்கிறது. எனவே இரத்தத்தில் மருந்தின் அளவு உயர்ந்திருந்தால்தான் போதிய அளவு தட்டைச் சென்றடையும். அதற்குச் சிறிது நேரமும் தேவை.

எப்போது தரப்படுகிறது?

தோலில் வாழும் ஸ்டெஃபைலோகாக்கஸ் வகைக் கிருமிகளே இத்தொற்றுக்குப் பெரும்பாலும் காரணம். அவற்றுக்கு எதிராகச் செயல்படும் செஃபாசோலின், கீறலுக்கு முந்தைய 60 நிமிடங்களுக்குள் தரப்படுகிறது. பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 2 கிராம். உடல் எடை 120 கிலோ அல்லது அதற்கு மேல் இருப்பின் 3 கிராம். அறுவை சிகிச்சை 4 மணி நேரத்தைக் கடந்தாலோ, இரத்த இழப்பு மிகுந்தாலோ மீண்டும் தரப்படும். காயம் மூடப்பட்ட பின் பல நாள்கள் மருந்தைத் தொடர்வது கூடுதல் பாதுகாப்பு அளிப்பதில்லை. மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகள் பெருகவே அது வழிவகுக்கும்.

முன்கூட்டியே தெரிவிக்க வேண்டியவை

• பெனிசிலின் அல்லது வேறு மருந்துகளால் முன்பு ஏற்பட்ட ஒவ்வாமை
• நீரிழிவு, சிறுநீரக நோய்
• அண்மையில் உட்கொண்ட நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகள்
• புகைப்பழக்கம், இதை இயன்றவரை முன்னதாகவே நிறுத்துங்கள்
• தோலில் கொப்புளம், புண், காய்ச்சல்

முதுகுப் பகுதியை வீட்டில் சவரம் செய்ய வேண்டாம். சிறு கீறல்களிலும் கிருமிகள் பெருகும்.

வீடு திரும்பிய பின்

மருந்து தரப்பட்டாலும் சிலருக்குத் தட்டில் தொற்று ஏற்படலாம். குறைந்திருந்த முதுகுவலி, பெரும்பாலும் 1 முதல் 4 வாரங்களுக்குள், கடுமையாகத் திரும்புவதே அதன் முக்கிய அறிகுறி. படுக்கையில் புரண்டாலும் வலி மிகும். காய்ச்சல் இல்லாமலும் இருக்கலாம். வெளிக்காயம் நன்கு ஆறியும் இருக்கலாம். ஆகவே, "காயம் ஆறிவிட்டது" என்று காத்திருக்காமல், அறுவை சிகிச்சை செய்த மருத்துவரை அணுகுங்கள். இரத்தப் பரிசோதனையும் எம்.ஆர்.ஐ. படமும் நோயை உறுதிசெய்ய உதவும்.

மருந்துக் கடையில் நீங்களாகவே மருந்து வாங்கி உட்கொள்ள வேண்டாம். கிருமியின் வகையைக் கண்டறிவதை அது கடினமாக்கும். தட்டுக்குள் மருந்து மெதுவாகவே செல்வதால், தொற்று ஏற்பட்ட பின் சிகிச்சை பல வாரங்கள் நீடிக்கும், இடையில் நிறுத்தலாகாது.

கால்களில் வலுவிழப்பு, பிறப்புறுப்புப் பகுதியில் மரத்துப்போதல், சிறுநீர் அல்லது மலம் கழிப்பதில் சிரமம் ஆகியவை ஏற்பட்டால், உடனடியாக அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

இத்தகவல் பொதுவான விழிப்புணர்வுக்கு மட்டுமே. மருத்துவரின் ஆலோசனைக்கு மாற்றாகாது.