செயலிக்கு முந்திய கேள்வி: முகத்துவாரத்தில் தனியுரிமையும் மென்பொருள் தெரிவும்

தனியுரிமை பேணும் மென்பொருள்களுக்கான வழிகாட்டிகள் பெரும்பாலும் ஆளுக்கொரு கணினி, ஆளுக்கொரு கைபேசி என்ற வாழ்க்கையை மனத்திற்கொண்டு எழுதப்படுகின்றன. கொழும்பின் முகத்துவாரத்திலும் கொட்டாஞ்சேனையிலும் அது எல்லோருக்கும் வாய்த்ததல்ல. பல வீடுகளில் கைபேசி பொது. அச்செடுக்கவும் படிவம் நிரப்பவும் தெருமுனைக் கொமியூனிகேஷன் கடைதான். எந்தச் செயலி நல்லது என்று கேட்பதற்கு முன், நம் விவரம் யாரிடம் போய்த் தங்குகிறது என்று கேட்பதே இப்பகுதிக்குப் பொருந்தும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

அந்தக் கேள்வியை இங்குள்ள தமிழர் கணினிக்கு முன்பே அறிவர். போர்க்காலத்தில் வீட்டிலுள்ளோர் விவரத்தைப் பொலிஸில் பதிய வேண்டியிருந்தது. 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழர் பஸ்களில் ஏற்றி வெளியேற்றப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. யார், எந்த ஊர், எங்கே தங்கியிருக்கிறார் என்ற சாதாரண விவரங்கள் எவ்வளவு தூரம் போகும் என்பதைக் கண்ட ஊர் இது.

ஆயினும் அந்த அனுபவம் கைபேசிப் பழக்கத்துக்குள் வரவில்லை. 2018 மார்ச்சில் கண்டிக்கு அருகே திகனவில் நடந்த வன்முறையை அடுத்தும், 2019 ஏப்ரல் 21ஆம் திகதி கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம் உள்ளிட்ட இடங்களில் குண்டுகள் வெடித்த பின்பும் அரசு பேஸ்புக், வாட்ஸ்அப், வைபர் ஆகியவற்றை முடக்கியது. தடையைத் தாண்டப் பலர் இலவச வீபிஎன்களை நாடினர். உறவினர் உயிரோடிருக்கிறாரா என்று அறியத் துடிப்பவரை இதற்காகக் குறைசொல்ல முடியாது. ஆனால் வீபிஎன் கண்காணிப்பை நீக்குவதில்லை. தொலைபேசி நிறுவனம் பார்த்ததை வீபிஎன் நடத்துபவர் பார்க்கும்படி இடம் மாற்றுகிறது, அவ்வளவே. ஒனாவோ என்ற இலவச வீபிஎன் இதற்குச் சான்று. 2013இல் அதை வாங்கிய பேஸ்புக், பயனர் வேறெந்தச் செயலிகளைத் திறக்கிறார் என்பதை அதன்வழி அறிந்துவந்தது. கண்டனம் எழுந்து, 2019இல்தான் அது கைவிடப்பட்டது.

வாட்ஸ்அப்பை விட்டு சிக்னல் செயலிக்கு மாறுங்கள் என்ற அறிவுரையையும் இப்படியே சோதிக்கலாம். 2016 முதல் வாட்ஸ்அப் செய்திகளை மறைகுறியாக்குவதும் சிக்னலின் முறைதான். யார் யாருடன் எப்போது பேசினர் என்ற தகவலை சிக்னல் ஏறக்குறையச் சேமிப்பதேயில்லை. அங்கே அதன் மேன்மை உண்மையானது. ஆனால் யாழ்ப்பாணத்து அம்மாவும் டொரன்டோ சித்தப்பாவும் வாட்ஸ்அப்பில் இருக்கும்வரை ஒருவர் மட்டும் மாறி என்ன பயன்? கூகுள் டிரைவில் சேரும் காப்புப் பிரதியைப் பூட்டும் வசதி 2021 முதல் வாட்ஸ்அப்பிலேயே உண்டு. நாமாக இயக்கினாலன்றி அது இயங்காது. அம்மாவின் கைபேசியில் அதை இயக்கிக் கொடுப்பதே முதல் வேலை என்பேன்.

இனிக் கொமியூனிகேஷன். அடையாள அட்டையைப் படமெடுத்துக் கடையின் வாட்ஸ்அப் இலக்கத்துக்கு அனுப்பிப் பிரதி எடுக்கிறோம். அந்த அட்டையின் இலக்கமே பாதிக் கதையைச் சொல்லிவிடும்: முதலில் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று இலக்கங்களில் அவ்வாண்டின் எத்தனையாவது நாள், பெண்ணாயின் அதனுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். செய்தியைப் பின்னர் ‘எல்லோருக்கும் அழி’ என்று நீக்கினாலும் கடைக் கணினியில் இறங்கிய கோப்பு அழியாது. சிக்னலில் அனுப்பினாலும் இதே கதிதான். மறைகுறியாக்கம் வழியைக் காக்கும். போய்ச் சேர்ந்த இடத்தைக் காக்காது. இங்கே உதவுவது கைபேசியிலேயே உள்ள படத் திருத்தி: எதற்கான பிரதி, எந்தத் திகதி என்பதை அட்டைப் படத்தின் குறுக்கே எழுதிய பிறகு அனுப்பலாம். கடையில் மின்னஞ்சலைத் திறப்போர் உலாவியின் தனிச் சாளரத்தைப் பயன்படுத்தலாம். இரண்டுக்கும் காசில்லை, புதுச் செயலியும் வேண்டாம்.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உண்டே எனலாம். அதன் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்தன; அந்தத் திகதி பின்தள்ளப்பட்டது. சட்டத்துக்குக் காத்திராமல் செய்யக்கூடியது ஒன்றுண்டு. அடையாள அட்டைப் பிரதி கேட்கும் வங்கிகளும் பாடசாலைகளும் பிரதேச செயலகங்களும், குறுக்கே காரணம் எழுதிய பிரதியை மறுப்பின்றி ஏற்க வேண்டும்.