எக்செலில் ‘எம்.எஸ். ப்ளூ’ இருக்கா? உங்க கடைக் கலரை நீங்களே சேர்ப்பது எப்படி?

மதுரையில் 1916-ல் பிறந்த இசைமேதை எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரில் ஒரு நீலமே இருக்கிறது. ‘எம்.எஸ். ப்ளூ’ என்று கேட்டால் பட்டுக்கடையில் உடனே சேலையை விரித்துப் போடுவார்கள். ஆனால் எக்செலில் கலர் பெட்டியைத் திறந்து தேடினால் அது கிடைக்காது. அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில் கழுத்து, வெங்காயக் கலர் என்று எந்தப் பெயரும் அங்கே இல்லை.

புவிசார் குறியீடு பெற்ற மதுரை சுங்குடியோ பட்டோ, ஸ்டாக் கணக்கை ஷீட்டில் வைத்திருப்பவர்களுக்கு இது தினசரி தலைவலி. ஒருவர் ‘ப்ளூ’ அடிப்பார், இன்னொருவர் ‘டார்க் ப்ளூ’ அடிப்பார். ஆர்டர் எடுத்தவர் ஒன்றை நினைக்க, பார்சல் கட்டுபவர் வேறொன்றை அனுப்பிவிடுவார். சேலை திரும்பி வந்தால் நஷ்டம் கடைக்குத்தான். இதைத் தவிர்க்க வழி என்ன?

எக்செலில் எத்தனை கலர் இருக்கு?

எக்செல் 2003 வரை ஒரு ஃபைலுக்கு 56 கலர்கள்தான். 2007-ல் ‘தீம்’ முறை வந்தது. இப்போது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் 0 முதல் 255 வரை எண் கொடுத்து 1.67 கோடிக்கும் அதிகமான கலர்களை உருவாக்கலாம். இந்த மூன்று எண்களைத்தான் ‘ஆர்ஜிபி’ என்கிறார்கள்.

‘எம்.எஸ். ப்ளூ’ போன்ற வியாபாரப் பெயர்கள் எல்லாக் கடையிலும் ஒரே ஷேடைக் குறிப்பதில்லை. அதனால் உங்கள் கடைக்கான எண்ணை நீங்களே முடிவு செய்வதுதான் சரி.

சேலையிலிருந்து எண்ணை எடுப்பது எப்படி?

சேலையைப் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள். டியூப்லைட்டில் எடுத்தால் கலர் மாறித் தெரியும். போட்டோவை பவர்பாயிண்டில் போட்டு, பக்கத்தில் ஒரு கட்டம் வரையுங்கள். ‘ஷேப் ஃபில்’ மெனுவில் உள்ள ‘ஐடிராப்பர்’ மூலம் சேலையின் மீது கிளிக் செய்தால் கட்டத்துக்கு அதே கலர் வந்துவிடும். பிறகு ‘மோர் ஃபில் கலர்ஸ்’, ‘கஸ்டம்’ போனால் மூன்று எண்களும் தெரியும். குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

எக்செலில் சேர்ப்பது எப்படி?

1. ‘பேஜ் லேஅவுட்’ டேபில் ‘கலர்ஸ்’ கிளிக் செய்து, கடைசியில் உள்ள ‘கஸ்டமைஸ் கலர்ஸ்’ போங்கள்.
2. ‘ஆக்சென்ட் 1’ முதல் ‘ஆக்சென்ட் 6’ வரை ஆறு இடங்கள் இருக்கும். அதிகம் விற்கும் ஆறு கலர்களின் எண்களை இங்கே கொடுங்கள்.
3. கடைப் பெயரையே தலைப்பாக வைத்து சேவ் செய்யுங்கள்.

கட்டங்களுக்குக் கலர் அடிக்கும்போது மேலே இருக்கும் ‘தீம் கலர்ஸ்’ வரிசையிலிருந்தே எடுங்கள். பிறகு எண்ணை மாற்றினால் அந்தக் கலர் அடித்த எல்லாக் கட்டமும் தானாக மாறிவிடும். கீழே உள்ள ‘ஸ்டாண்டர்ட் கலர்ஸ்’ அப்படி மாறாது.

கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆபிஸ்?

கூகுள் ஷீட்ஸில் ‘ஃபார்மேட்’, ‘தீம்’, ‘கஸ்டமைஸ்’ என்று போனால் இதே வேலையைச் செய்யலாம். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபிஸில் ஒரு கூடுதல் வசதி உண்டு. ‘ஃபார்மேட் செல்ஸ்’ பகுதியில் ‘பேக்ரவுண்ட்’ போய் எண்ணைக் கொடுத்து ‘ஆட்’ அழுத்தினால், ஒவ்வொரு கலருக்கும் தனிப் பெயர் கேட்கும். அங்கே ‘எம்.எஸ். ப்ளூ’ என்றே சேமிக்கலாம். ஆனால் அந்தப் பட்டியல் அந்தக் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருக்கும்.

கலரை மட்டும் நம்பலாமா?

கூடாது. கலரை வைத்து ஃபில்டர் செய்யலாமே தவிர, ‘கவுன்ட்இஃப்’ ஃபார்முலா கலரை எண்ணாது, எழுத்தைத்தான் எண்ணும். சிவப்பு, பச்சை வித்தியாசம் தெரியாத நிறக்குருடு உள்ளவர்களுக்கு அரக்கும் கரும்பச்சையும் ஒன்றுபோலத் தெரியலாம். கறுப்பு வெள்ளையில் பிரிண்ட் எடுத்தால் எல்லோருக்குமே அதே நிலைதான்.

எனவே பக்கத்துக் காலத்தில் கலர் பெயரைக் கட்டாயம் எழுதுங்கள். ‘கண்டிஷனல் ஃபார்மேட்டிங்’ செட் செய்துவிட்டால், பெயரை டைப் செய்ததும் கலர் தானாக வந்துவிடும். ஆளுக்கு ஒரு ஷேடு அடிக்கும் பிரச்சினையும் தீரும்.

கவனிக்க: ஃபைலை ‘எக்செல் 97-2003’ ஃபார்மேட்டில் சேவ் செய்யாதீர்கள். நீங்கள் சேர்த்த கலர், பழைய 56-ல் அதற்கு நெருக்கமான ஒன்றாக மாறிவிடலாம். ஒவ்வொரு ஸ்கிரீனிலும் கலர் கொஞ்சம் மாறித்தான் தெரியும் என்பதால், பெரிய ஆர்டர் என்றால் துணி சாம்பிளை நேரில் காட்டிவிடுவதே பாதுகாப்பு.