அக்கெனாத்தன் ஏகத்துவவாதியா?

பண்டைய எகிப்து பற்றிப் பேசிக்கொண்டிருந்த வகுப்பில் ஒரு பையன் எழும்பிக் கேட்டான். "சேர், அக்கெனாத்தன் என்ட பிர்அவ்ன் ஒரே கடவுளைத்தானே வணங்கினாரு? அவரு நபியா இருந்திருக்க ஏலுமா?" யூடியூபில் பார்த்திருக்கிறான். படித்த பெரியவர்களும் இதே கதையைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். சிக்மண்ட் பிராய்ட் 1939இல் வெளியிட்ட நூலிலே மூஸா (அலை) அவர்களின் ஏகத்துவத்துக்கே இந்த மன்னனிடம் வேர் தேடினார். ஆகவே பையனின் கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. (மூஸா நபி காலத்துப் பிர்அவ்ன் யார் என்பது வேறு விவாதம். அதற்குள் நான் போகவில்லை.)

எகிப்தியருக்கு ஊருக்கு ஊர் தெய்வம் இருந்தது. மெம்பிஸில் ப்தாஹ், ஹீலியோபோலிஸில் சூரியன் ரா, தீப்ஸில் அமூன். ஒசிரிஸ், இஸிஸ், ஹோரஸ் கதையோ நாடெங்கும் தெரிந்தது. ஓர் ஊரின் அரச குடும்பம் தலையெடுத்தால் அந்த ஊர்த் தெய்வமும் கூடவே தலையெடுக்கும். தீப்ஸ் மன்னர்கள் நாட்டை ஆண்டபோது அவர்களுடைய அமூன், ராவோடு சேர்ந்து அமூன்-ரா ஆனான். கர்னக்கில் இருந்த அவனுடைய கோயில் வெறும் வழிபாட்டிடம் அல்ல. காணி, களஞ்சியம், கப்பல் எல்லாம் அதற்கு உண்டு. பிற்காலத்தில், மூன்றாம் ராம்சேஸ் காலத்துப் பப்பைரஸ் ஏடொன்று தீப்ஸ் அமூனுக்குரிய ஆட்களை 86,486 என்றும், கால்நடைகளை 4 இலட்சத்துக்கு மேல் என்றும் கணக்குக் காட்டுகிறது. அந்தத் தெய்வத்தோடு மோதுவது நாட்டின் கஜானாவோடு மோதுவதுதான்.

கி.மு. 1353 அளவில் பட்டத்துக்கு வந்த நான்காம் அமென்ஹொதெப் அதைத்தான் செய்தான். அவனது பெயரிலேயே அமூன் இருந்தான். ஐந்தாம் ஆண்டளவில் அதை அக்கெனாத்தன் என்று மாற்றினான்; ஆத்தனுக்குப் பயன்படுபவன் என்பது பொருள். ஆத்தன் என்றால் வானத்தில் தெரியும் சூரிய வட்டம். (நம் பக்தி இலக்கியத்து 'அத்தன்' அல்ல, குழம்பக்கூடாது என்றே நெடிலில் எழுதுகிறேன்.) எந்தத் தெய்வத்துக்கும் சொந்தமில்லாத நிலம் என்று எல்லைக் கற்களில் பொறித்து, இன்றைய அமர்னாவில் புதுத் தலைநகர் கட்டினான். பிறகு உளிகள் புறப்பட்டன. கர்னக்கில் கிட்டத்தட்ட 30 மீற்றர் உயர்ந்து நிற்கும் ஹத்ஷெப்சுத்தின் ஒற்றைக்கல் தூணிலும் அமூனைச் செதுக்கி அழித்தார்கள். மன்னனின் வாப்பாவின் பெயரும் அமென்ஹொதெப்தான். அதிலிருந்த அமூனையும் விடவில்லை. சில இடங்களில் 'தெய்வங்கள்' என்ற பன்மைச் சொல்லே வெட்டப்பட்டிருக்கிறது.

இதைப் பார்க்கிறவர்களுக்குச் சிலை உடைத்த இப்ராஹீம் நபியின் நினைவு வருவது இயல்பு. ஆனாலும் இதைத் தவ்ஹீத் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. அமர்னாச் சிற்பங்களைக் கவனித்துப் பாருங்கள். சூரியக் கதிர்களின் நுனியில் சின்னச் சின்னக் கைகள். அவை உயிர்ச் சின்னத்தை அரசன், அரசி நெபர்தீத்தியின் மூக்கருகே மட்டுமே நீட்டுகின்றன. ஆத்தன் துதிப்பாடலும் தெய்வத்தை அறிந்தவன் மன்னன் ஒருவனே என்கிறது. வசதியுள்ளோர் வீடுகளில் வைத்து வணங்கியது அரச குடும்பத்தின் உருவத்தைத்தான். படைத்தவனுக்கும் அடியானுக்கும் நடுவில் ஒரு மன்னன் உட்கார்ந்துகொண்டான். இடையில் ஆளில்லாமல் கையேந்துகிற நமக்கு இந்த வித்தியாசம் சின்னதல்ல.

சாதாரண சனங்கள் என்ன செய்தார்கள்? அமர்னாவின் தொழிலாளர் குடியிருப்பை 1921, 22இல் தோண்டியபோது விடை கிடைத்தது. சுவர்களில் பெஸ், தவெரெத் ஓவியங்கள். கூடவே அவர்களின் தாயத்துகள். பெஸ் நாக்கை நீட்டி நிற்கும் குள்ளன். தவெரெத் கர்ப்பிணி வயிறோடு நிற்கும் நீர்யானை. இரண்டும் பிள்ளைப்பேற்றுக்கும் குழந்தைக்கும் காவல். அந்த நகரத்து ஏழைகளின் எலும்புகளில் பட்டினியின் அடையாளமும், பாரம் சுமந்த முதுகுக் காயமும் காணப்படுகின்றன. பிரசவ வலியில் கிடந்த பெண்ணுக்கு மன்னனின் சூரியன் எட்டாத தூரத்தில்தான் இருந்தது.

17 ஆண்டு ஆட்சியோடு எல்லாம் சரிந்தது. துத்தன்காத்தன் என்ற சிறுவன் அரசனாகித் துத்தன்காமூன் ஆனான். அமூன் திரும்பி வந்துவிட்டான். தளபதியாயிருந்து அரசனான ஹொரெம்ஹெப், கர்னக்கில் இருந்த ஆத்தன் கோயிலை இடித்து, அதன் கற்களை அமூனின் வாயிற் கோபுரங்களுக்குள்ளே நிரப்பினான்.

பெஸ் மட்டும் எங்கும் போகவில்லை. அபிதூஸில் பெஸ்ஸிடம் குறி கேட்டு மக்கள் எழுதி வைத்த மனுக்கள் ரோமப் பேரரசர் இரண்டாம் கொன்ஸ்தாந்தியுஸின் கைக்குப் போய் விசாரணை நடந்தது கி.பி. 359இல். அக்கெனாத்தன் இறந்து அப்போது ஏறக்குறைய 1,700 ஆண்டுகள்.