காவலூர் வெளிச்சமும் சாமைக் கொல்லையும்

ஆலங்காயத்திலிருந்து ஜவ்வாது மலைப் பக்கம் ஏறினால் காவலூர். 1960-களின் பிற்பகுதியில் வானியலாளர் வேணு பாப்பு, இருட்டைத் தேடி அங்கே வந்தார். நகரங்களின் விளக்குகள் எட்டாத வானம், கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரம், சுற்றிலும் சந்தன மரங்கள் கலந்த காடு. 1968-ல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியில் வேலை தொடங்கியது. 1972-ல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. பாப்பு கனவு கண்ட 2.3 மீட்டர் கண்ணாடி தயாராகி முடிவதற்குள் 1982-ல் அவர் காலமானார். 1986 ஜனவரியில் பிரதமர் ராஜீவ் காந்தி அதைத் தொடங்கிவைத்தபோது, ஆய்வகத்துக்கும் தொலைநோக்கிக்கும் அவர் பெயரே சூட்டப்பட்டது.

இரவில் அந்தக் கண்ணாடி வெளிச்சம் பிடிக்கிறது. பகலில் அதே வேலையை, சுற்றியுள்ள காட்டின் இலைகள் செய்கின்றன. இந்த வாரக் கதை இலைகளைப் பற்றியது. ஆனாலும் கண்ணாடியை முழுசாக விட்டுவிட முடியாது. இலை ஏன் அப்படி அமைந்திருக்கிறது என்பதை அதை வைத்தே சொல்லிவிடலாம்.

நல்ல உச்சி வெயிலிலேயே ஒரு பச்சைய மூலக்கூறின் மேல் நொடிக்குச் சில ஒளித்துகள்கள்தான் சிக்குகின்றன. மூலக்கூறின் கணக்கில் ஒரு நொடி என்பது யுகம். ஒவ்வொரு பச்சையமும் தன் பங்குக்குத் தனித்தனியாகச் சர்க்கரை செய்யும் இயந்திரம் ஒன்றை வைத்துக்கொண்டால், அந்த இயந்திரம் பெரும்பாலான நேரம் சும்மா கிடக்கும். தொலைநோக்கியில் 2.3 மீட்டர் அகலத்தில் விழும் மங்கலான நட்சத்திர வெளிச்சம் முழுவதும் ஒரு புள்ளிக்குக் குவிக்கப்படுகிறது. இலையிலும் நூற்றுக்கணக்கான பச்சைய மூலக்கூறுகள் சேர்ந்து பிடித்ததை ஒரே ஒரு மையத்துக்கு அனுப்புகின்றன. கண்ணாடி அதை வளைவால் செய்கிறது. இலையில் வளைவு கிடையாது. ஒரு மூலக்கூறு பிடித்த ஆற்றல் அடுத்ததற்குத் தாவி, அங்கிருந்து இன்னொன்றுக்குத் தாவி, ஒரு நொடியின் கோடியில் ஒரு பங்கை விடவும் மிகக் குறைந்த நேரத்தில் மையத்தை அடைந்துவிடும். மையத்தில் இருக்கும் பச்சையம் ஓர் எலக்ட்ரானை இழக்கும். வெளிச்சம் மின்சாரமாக மாறும் கணம் அதுதான்.

தாவலுக்கு இடமே இல்லாமல் போனால்? அதைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு கைப்பிடி கீரையை அரைத்து, எரிசாராயத்தில் ஊறவைத்து, துணியில் வடிகட்டினால் கரும்பச்சைச் சாறு கிடைக்கும். இருட்டறையில் அந்தக் கண்ணாடிக் குவளையின் மேல் கள்ள நோட்டு பார்க்கும் ஊதா டார்ச்சை அடித்தால், பச்சைச் சாறு ரத்தச் சிவப்பில் ஒளிரும். இலை உடைந்து, பச்சையம் தன் அணியை இழந்துவிட்டது. வாங்கிய ஆற்றலைக் கொடுக்க ஆளில்லாமல் அதைச் சிவப்பு ஒளியாக வெளியே விட்டுவிடுகிறது. ஸ்காட்லாந்துக்காரர் டேவிட் புரூஸ்டர் 1830-களிலேயே இதைப் பார்த்து எழுதிவைத்தார். உயிருள்ள இலையிலும் இந்தச் சிவப்பு உண்டு, ஆனால் பிடித்ததில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான்.

பச்சையம் அணி சேர்ந்து வேலை செய்கிறது என்பது தெரிய இன்னும் நூறு வருடம் ஆனது. கலிபோர்னியாவில் ராபர்ட் எமர்சனும் அவரிடம் படித்த வில்லியம் ஆர்னால்டும் 1932-ல் குளோரெல்லா என்ற நீர்ப்பாசியின் மேல் நொடியில் மிகச் சிறு துணுக்கு நேரமே எரியும் மின்னல் வெளிச்சத்தை அடித்தார்கள். ஒவ்வொரு மின்னலுக்கும் வெளிவந்த ஆக்சிஜனை அளந்தார்கள். பச்சைய மூலக்கூறு ஒன்றுக்கு ஓர் ஆக்சிஜன் என்று வந்திருந்தால் கதை சுலபம். வந்ததோ, சுமார் 2,500 பச்சையத்துக்கு ஒரே ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு! மீதி எல்லாம் என்ன செய்துகொண்டிருந்தன? ஆளுக்கு ஆள் ஊகம் சொன்னார்கள். அவை வெளிச்சத்தைப் பிடித்துக் கொடுக்கும் எடுபிடிகள் என்ற விளக்கம் நிலைபெறச் சில வருடங்கள் பிடித்தன.

எமர்சன் அத்தோடு நிற்கவில்லை. சிவப்பு நிறத்தின் கடைசி விளிம்பில், 680 நானோமீட்டருக்கு மேல், பாசி வெளிச்சத்தை உறிஞ்சினாலும் ஆக்சிஜன் உற்பத்தி சட்டென்று சரிவதை 1943-ல் கண்டார். 1957-ல் இன்னொரு வேடிக்கை. அந்தச் சோம்பேறிச் சிவப்போடு கொஞ்சம் குறுகிய அலை வெளிச்சத்தையும் சேர்த்து அடித்தால், இரண்டும் தனித்தனியாகக் கொடுத்ததன் கூட்டுத்தொகையை விட அதிகம் கிடைத்தது. அப்படியானால் இலையில் ஒன்றல்ல, இரண்டு ஒளி இயந்திரங்கள் அடுத்தடுத்து ஓடுகின்றன.

இந்த இடத்தில் அலகாபாத் வருகிறது. அங்கே தாவரவியல் படித்த கோவிந்த்ஜி என்ற இளைஞர் 1956-ல் எமர்சனிடம் ஆராய்ச்சி செய்ய, அவர் அப்போது இருந்த அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்துக்குப் போனார். எமர்சன் 1959 பிப்ரவரியில் நியூயார்க்கில் நடந்த விமான விபத்தில் இறந்துவிட்டார். வழிகாட்டியை இழந்த மாணவர், யூஜின் ராபினோவிச்சின் கீழ் வேலையைத் தொடர்ந்தார். குறுகிய அலை வெளிச்சத்தைப் பிடிப்பது துணை நிறமிகள் என்று எமர்சன் கருதியிருந்தார். அதே வேலையில் முதன்மைப் பச்சையமான பச்சையம் 'ஏ'-யின் ஒரு வடிவமும் நேரடியாகப் பங்கேற்கிறது என்று 1960-ல் கோவிந்த்ஜியும் ராபினோவிச்சும் காட்டினார்கள். குருவின் கருத்தைத் திருத்தியது அவருடைய கண்டுபிடிப்பின் அஸ்திவாரத்தை இன்னும் பலமாக்கியது. அதே 1960-ல் இங்கிலாந்தில் ராபின் ஹில்லும் ஃபே பெண்டாலும் இரண்டு இயந்திரங்களையும் ஒரே சங்கிலியில் கோத்துக் காட்டினார்கள். முதல் இயந்திரம் தண்ணீரை உடைத்து எலக்ட்ரானை எடுக்கிறது, ஆக்சிஜன் வெளியே போகிறது. இரண்டாவது இயந்திரம் அந்த எலக்ட்ரானுக்கு இன்னொரு முறை ஒளியூட்டி மேலே ஏற்றுகிறது. பள்ளிப் பாடப்புத்தகத்தில் இன்றைக்கும் இருப்பது இந்தச் சங்கிலிதான்.

சரி, ஜவ்வாது மலைக்கு இதனால் என்ன? இதுவரை சொன்ன அத்தனையும் சந்தனத்துக்கும் பொது, நெல்லுக்கும் பொது, குளத்துப் பாசிக்கும் பொது. வெளிச்சத்தைப் பிடிக்கும் ஏற்பாட்டில் செடிக்குச் செடி அப்படியொன்றும் பெரிய வித்தியாசம் இல்லை. பிடித்ததை வைத்து என்ன செய்கின்றன என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது. ஜமுனாமரத்தூரைச் சுற்றி, சரிவு நிலங்களில் மலையாளிப் பழங்குடியினர் மழையை நம்பி விதைக்கும் சாமை, அந்த வித்தியாசத்தின் மிக நல்ல சாட்சி.

நெல்லின் இலையில் காற்றிலிருந்து கரியமில வாயுவைப் பிடிக்கும் நொதிக்கு ரூபிஸ்கோ என்று பெயர். உலகத்துச் சோற்றுக்கெல்லாம் ஆதாரம் அதுதான். ஆனால் அதற்கு ஒரு தடுமாற்றம் உண்டு: அவ்வப்போது கரியமில வாயுவுக்குப் பதில் ஆக்சிஜனைப் பிடித்துவிடும். வெயில் ஏற ஏறத் தடுமாற்றம் கூடும். தப்பாகப் பிடித்ததைச் சரிக்கட்ட, இலை ஏற்கெனவே சேர்த்த ஆற்றலைச் செலவழிக்க வேண்டும். பாடுபட்டுப் பிடித்த வெளிச்சத்தில் ஒரு பகுதி இப்படி வீணாகப் போகிறது.

சாமை இலையைக் குறுக்காக மெல்லியதாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்தால், ஒவ்வொரு நரம்பைச் சுற்றியும் பச்சை செல்கள் வட்டமாகக் கோத்து நிற்பது தெரியும். அதற்கு வெளியே இன்னொரு வட்டம். நெல் இலையில் நரம்பைச் சுற்றிய செல்களில் இவ்வளவு பச்சை இருக்காது. இந்த அமைப்புக்குக் கிரான்ஸ் என்று பெயர் வைத்தவர் காட்லீப் ஹேபர்லாண்ட், 19-ம் நூற்றாண்டின் கடைசியில். எதற்காக என்று அவரால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. பதிலைக் கரும்பு கொடுத்தது. கதிரியக்கக் கார்பனைக் கொடுத்துப் பார்த்தபோது, அது முதலில் போய்ச் சேர்வது நான்கு கார்பன் கொண்ட அமிலங்களில் என்று ஹவாய் கரும்புத் தோட்டக்காரர்களின் ஆய்வகத்தில் ஹியூகோ கோர்ட்ஷாக் குழுவினர் கண்டு 1965-ல் வெளியிட்டார்கள். அடுத்த வருடமே ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில், ஒரு சர்க்கரை கம்பெனியின் ஆய்வகத்தில் ஹால் ஹேட்சும் ரோஜர் ஸ்லாக்கும் அதைப் பிடித்துக்கொண்டு முழு வழியையும் வரைந்தார்கள். வெளி வட்டச் செல்களில் தடுமாறாத வேறொரு நொதி கரியமில வாயுவைப் பிடிக்கிறது. பிடித்ததை அமிலமாக்கி உள் வட்டத்துக்கு அனுப்புகிறது. உள்ளே அது அவிழ்ந்து, ரூபிஸ்கோவைச் சுற்றிக் கரியமில வாயு நெருக்கியடித்து நிற்கிறது. ஆக்சிஜனைத் தொட அதற்கு வாய்ப்பே குறைவு. நான்கு கார்பன் என்பதால் சி4 என்று பெயர்.

கரும்பு, சோளம், மக்காச்சோளம், கேழ்வரகு, சாமை எல்லாம் சி4. செடி இனங்களில் நூற்றில் மூன்றுதான் இப்படி. கணக்குப்படி, நெல் மாதிரிச் செடி தன் மேல் விழும் சூரிய ஆற்றலில் அதிகபட்சம் 4.6 சதவீதத்தை உடலாக்க முடியும். சி4 செடிக்கு அது 6 சதவீதம். வயலில் இரண்டுமே அதற்கு வெகு கீழேதான் நிற்கின்றன. ஆனால் சாமைக்கு வேறொரு லாபமும் உண்டு. கரியமில வாயுவை உள்ளே குவிக்கத் தெரிந்ததால் இலைத்துளைகளை அகலத் திறந்துவைக்கத் தேவையில்லை, தண்ணீர் மிச்சம். மண் ஆழமில்லாத, இறைவைக்கு வழியில்லாத சரிவில் அது பிழைத்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம். திருவண்ணாமலைக்கு அருகே அத்தியந்தலில் வேளாண் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் ஏடிஎல் 1 என்ற சாமை ரகத்தையே வெளியிட்டிருக்கிறது.

ஜகதீஷ் சந்திர போஸின் பெயரை இங்கே சொல்லாமல் போனால் அநியாயம். மீன்தொட்டிகளில் கிடக்குமே, அந்த வேலம்பாசியை வைத்து ஒளிச்சேர்க்கை ஆய்வு செய்து 1924-ல் ஒரு புத்தகமே எழுதினார். கோடையில் எடுத்த வேலம்பாசி மற்ற பருவத்ததை விட வேறு மாதிரி நடந்துகொள்வதையும், அதில் மாலிக் அமிலத்துக்கு, அதாவது அதே நான்கு கார்பன் அமிலங்களில் ஒன்றுக்கு, பங்கு இருப்பதையும் கவனித்தார். ஹேட்ச், ஸ்லாக்குக்கு நாற்பது வருடம் முன்பு. அன்றைக்கு அதற்கு ஒரு பெயரோ விளக்கமோ கிடையாது. வேலம்பாசியில் கிரான்ஸ் வட்டம் இல்லாமலே சி4 வேலை நடக்கிறது என்று பிற்பாடு ஃபுளோரிடாவில் கண்டுபிடித்தார்கள். போஸின் இந்தக் கவனிப்புக்கு உரிய இடத்தை நினைவுபடுத்திக் கட்டுரை எழுதியவர்களில் ஒருவர் அதே கோவிந்த்ஜி. இன்னொருவர் ஏ.எஸ். ராகவேந்திரா. திருப்பதி ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தில் வி.எஸ். ராமதாஸோடு சேர்ந்து 1970-களில் சி4 செடிகளைத் தேடிப் பட்டியலிட்டவர் அவர்.

இனி சந்தனம். சென்னை மாகாணத்தின் அரசுத் தாவரவியலாளர் சார்லஸ் பார்பர் 1906, 1907 ஆண்டுகளில் சந்தன வேரைப் பற்றி விரிவாக எழுதினார். 1912-ல் கோயம்புத்தூரில் கரும்பு ஆய்வு நிலையம் தொடங்கியபோது அதைத் தலைமையேற்று நடத்தியவரும் அவரே. அங்கே அவரும் டி.எஸ். வெங்கட்ராமனும் வெள்ளைக் கரும்பை உள்ளூர்ப் பேய்க்கரும்போடு இணைத்து உருவாக்கிய கோ 205, 1918-ல் பஞ்சாபுக்குப் போனது. இரண்டு பெற்றோரும் சி4 என்பது அவர்களுக்குத் தெரியாது. உலகத்தில் யாருக்குமே அது அப்போது தெரியாது.

சந்தன வேரில் பார்பர் ஆராய்ந்தது உறிஞ்சு வேர்களை. சந்தனத்துக்குப் பச்சை இலை உண்டு, வெளிச்சத்தைக் குறையில்லாமல் பிடிக்கும், சர்க்கரையும் தானே செய்துகொள்ளும். ஆனால் தண்ணீரையும் உப்புச் சத்தையும் பக்கத்து மரத்தின் வேரில் வாய்வைத்துத்தான் எடுக்கும். ஒளி இயந்திரம் உடைப்பதற்குத் தண்ணீர் வேண்டுமே, அதில் பெரும்பங்கு அயலான் வீட்டிலிருந்து வருகிறது. நாற்றங்காலில் சந்தனக் கன்று வளர்ப்பவர்கள் அதே பையில் ஒரு துவரைச் செடியையோ பொன்னாங்கண்ணியையோ சேர்த்து நடுவது இதனால்தான். திருப்பத்தூர் சந்தனக் கிடங்கில் ஏலத்துக்கு வந்த கட்டைகள் எல்லாமே ஏதோ ஒரு பக்கத்து மரத்தின் தயவில் வளர்ந்தவை. எந்தெந்த மரத்தின் தயவில், பார்பர் எப்படி அதைக் கண்டார் என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)