மணிக்கணக்கில் அளந்த மின்சாரம்: தமிழ்நாட்டில் மின்வெட்டு விவாதத்தின் வரலாறு

தமிழ்நாட்டில் மின்வெட்டு என்றதும் பெரும்பாலோர் நினைவுக்கு வருவது 2008 முதல் 2014 வரையிலான காலம். அந்த ஆண்டுகளின் மேடைப் பேச்சுகளிலும் சட்டமன்ற உரைகளிலும் ஒரே கேள்விதான் இரு தரப்பிலும் திரும்பத் திரும்ப எழுந்தது: புதிய மின்நிலையம் கட்டாமல் விட்டது யார்? தி.மு.க. தனக்கு முந்தைய ஆட்சியைக் காட்டியது, அ.தி.மு.க.வும் அதையே செய்தது. உற்பத்திக் குறைவு உண்மைதான். ஆனால் அந்தக் குறைவு யார் தலையில், எந்த நேரத்தில், எவ்வளவு நேரம் விழவேண்டும் என்பது வேறு கணக்கு. அந்தக் கணக்கின் வேர், பற்றாக்குறை வருவதற்குக் கால் நூற்றாண்டு முன்பு, கிணற்றடியில் மீட்டர் வாசிப்பது நின்றுபோனதில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். விலையால் பங்கிட முடியாத மின்சாரத்தை மின்சார வாரியம் நேரத்தால் பங்கிட்டது. பொதுவெளி விவாதமும் அந்த மணிக்கணக்கை விட்டு வெளியே வரவில்லை.

மழையை நம்பிய மின்சாரம்

சென்னை மாகாணத்தின் பெரிய அளவிலான மின்சாரம் அருவியிலும் அணையிலும் தொடங்கியது. 1932-இல் பைக்காரா, 1937-இல் மேட்டூர், 1944-இல் பாபநாசம். நீலகிரியிலிருந்து இறங்கிய பைக்காரா மின்சாரம் கோயம்புத்தூரில் நூற்பாலைகளைப் பெருக்கியது. பருவமழை பொய்த்தால் அணை வற்றும், அணை வற்றினால் ஆலைக்குச் சதவீதக் கணக்கில் வெட்டு விழும். அன்றைய மின்வெட்டு ஆலை முதலாளிகளுக்கும் அரசுக்கும் இடையிலான கடிதப் போக்குவரத்தாக இருந்ததே தவிர, தெருவில் யாரும் அதைப் பேசவில்லை. பெரும்பாலான வீடுகளில் வெட்டுவதற்கு விளக்கே இல்லை.

1957 ஜூலை 1-இல் மின்சார வாரியம் உருவானபின் நிலைமை வேகமாக மாறியது. கனடாவின் உதவியோடு குந்தா, சோவியத் உதவியோடு நெய்வேலி, பிறகு எண்ணூர் என்று உற்பத்தி கூடியது. கிராமங்களுக்குக் கம்பி இழுத்த வாரியத்துக்கு அங்கே மின்சாரத்தை வாங்க ஆள் வேண்டியிருந்தது. ஒரு குடிசை விளக்கு வாங்கும் மின்சாரம் கம்பத்தின் செலவுக்குக் காணாது, பம்புசெட் அப்படியில்லை. எனவே ஏற்றமும் கமலையும் இருந்த கிணறுகளுக்கு மோட்டார் வைக்க வாரியமே ஊக்கம் கொடுத்தது. இந்தியாவில் மின்சார பம்புசெட்டுகள் மிகுந்த மாநிலமாகத் தமிழ்நாடு வளர்ந்தது இப்படித்தான். கேட்டுப் பெற்ற இணைப்புகளோடு கொடுத்துச் சேர்த்த இணைப்புகளும் உண்டு என்பதை, பின்னாளில் உழவர்களைக் குற்றம்சாட்டியவர்கள் வசதியாக மறந்தார்கள்.

முதல் பெரிய பொது விவாதம் விலையைப் பற்றியதாக வெடித்தது. யூனிட் 8 பைசாவாக இருந்த கட்டணம் 10 பைசாவாக உயர்ந்ததை எதிர்த்துக் கோவை மாவட்ட விவசாயிகள் திரண்டார்கள். 1970 ஜூன் 19-இல் பெருமாநல்லூரில் போலீஸ் சுட்டு மூன்று விவசாயிகள் இறந்தார்கள். 1972-இல் மீண்டும் கட்டணம் உயர்ந்தபோது, விவசாயிகள் தலைவர் நாராயணசாமி நாயுடுவின் தலைமையில் மாட்டுவண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்திக் கோவை நகரத்தையே முடக்கினார்கள். அவர் வளர்த்த தமிழக விவசாயிகள் சங்கம் எழுபதுகளின் இறுதியில் கட்டண பாக்கிக்காக ஜப்தி செய்ய வரும் அதிகாரிகளை ஊருக்குள் விடுவதில்லை என்ற அளவுக்குப் பலம் பெற்றிருந்தது. இந்தக் கட்டத்தில் சண்டை பைசாவைப் பற்றியது, அதனால் இரு தரப்பும் மீட்டரைப் பார்த்தே பேசின. இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

மோட்டார் அறையில்

1984-இல் எம்.ஜி.ஆர். அரசு சிறு, குறு விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் கொடுத்தது. 1990-இல் கருணாநிதி அரசு அதை எல்லா விவசாயிகளுக்கும் விரித்தது. இரண்டும் வெற்றிபெற்ற அரசியல். விளைபொருளின் விலையைத் தன் கையில் வைத்திராத உழவனுக்கு இதில் ஒரு நியாயமும் இருந்தது. ஆனால் கட்டணம் போனதோடு மீட்டர் வாசிப்பும் போனது. அதன்பின் பம்புசெட்டுகள் எவ்வளவு மின்சாரம் இழுக்கின்றன என்பதற்கு மதிப்பீடுதான் உண்டு: குதிரைத்திறனை இத்தனை மணி நேரத்தால் பெருக்கு, மாதிரிக்கு வைத்த சில மீட்டர்களோடு ஒப்பிடு. கம்பியில் வீணாவது, திருட்டு, ஓட்டை, எல்லாவற்றையும் விவசாயக் கணக்கில் எழுதிவிட்டால் வாரியத்தின் இழப்பு அழகாகக் குறைந்துவிடும். எழுதினார்களா, எவ்வளவு எழுதினார்கள் என்று வெளியிலிருந்து நிறுவ வழியில்லை. மீட்டர் இல்லாததன் மிகப்பெரிய வசதி அதுதான்.

அளக்க முடியாததை வாரியம் வேறு விதமாகக் கட்டுப்படுத்தியது. பம்புசெட் மோட்டாருக்கு மூன்று பேஸும் வேண்டும், வீட்டு விளக்குக்கு ஒன்று போதும். ஆகவே கிராமத்துக்கு மின்சாரம் கொண்டுவரும் ஃபீடரில் நாளுக்கு இத்தனை மணி நேரம் மட்டும் மூன்று பேஸ் விட்டு, மற்ற நேரத்தில் ஒன்றைப் பிடித்துக்கொண்டால், விளக்கும் எரியும், மோட்டாரும் நிற்கும். பகலில் ஆறு, இரவில் மூன்று என ஒன்பது மணி நேரம் என்பது பல காலம் இருந்த ஏற்பாடு.

இதற்கு மோட்டார் அறையில் கிடைத்த பதில்கள் பாடப்புத்தகத்தில் இல்லாத மின்பொறியியல். நள்ளிரவில் மூன்று பேஸ் வரும்போது யார் எழுந்து போவது? ஆட்டோ ஸ்டார்ட்டரை மாட்டிவிட்டுப் படுத்தால் கரண்ட் வந்ததும் மோட்டார் தானே கிளம்பும். ஒரு டிரான்ஸ்ஃபார்மரின் கீழுள்ள அத்தனை மோட்டாரும் ஒரே நொடியில் கிளம்பும், வோல்டேஜ் தரைமட்டமாகும், காயில் கருகும். இரண்டு பேஸ் நேரத்திலும் ஓட்டவேண்டும் என்றால் கண்டென்சர் போட்டு ஓட்டுவார்கள், அதுவும் டிரான்ஸ்ஃபார்மரைத் தின்னும். காயில் கட்டும் கடைகளுக்கு நல்ல பிழைப்பு. இலவச மின்சாரத்துக்கு உழவர் கட்டிய கட்டணம் அந்தக் கடைகளில் வசூலானது, அது எந்த மானியக் கணக்கிலும் ஏறவில்லை.

விலைக்குத் திரும்ப ஒருமுறை முயற்சி நடந்தது. 2003-இல் ஜெயலலிதா அரசு இலவசத்தை நிறுத்தி, குதிரைத்திறனுக்கு ஆண்டுக்கு 250 ரூபாய் என்று நிர்ணயித்த கட்டணத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது, சிறு விவசாயிகளுக்குப் பணமாக உதவி தருவதாகவும் சொன்னது. 2004 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளையும் தி.மு.க. கூட்டணி அள்ளியது. முடிவு வந்த அதே மாதத்தில் இலவசம் திரும்பியது. அந்தத் தோல்விக்குக் காரணங்கள் பல. ஆனால் இரு கட்சிகளும் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் ஒன்றே: கிணற்றடி மீட்டரைத் தொடாதே.

சென்னைக்கு இரண்டு மணி நேரம்

தொண்ணூறுகளின் நடுவில் முடிந்த வடசென்னை அனல்மின் நிலையத்துக்குப் பிறகு, 2012 வரை வாரியம் சொந்தமாகப் பெரிய நிலக்கரி நிலையம் எதையும் இயக்கத்துக்குக் கொண்டுவரவில்லை. தனியார் வந்து கட்டுவார்கள் என்ற தாராளமயக் கால நம்பிக்கை பேசின் பிரிட்ஜ், சமயநல்லூர், சாமல்பட்டி போன்ற, எண்ணெயில் ஓடும் சிறிய, விலை கூடிய நிலையங்களில் போய் முடிந்தது. இடையில் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் பெருகி, 2012 வாக்கில் நிறுவுதிறன் ஏறத்தாழ 7,000 மெகாவாட்டை எட்டியது. ஆனால் தென்மேற்குப் பருவக்காற்று நின்றதும் அந்த எண்ணுக்குக் காகிதத்தில்தான் மதிப்பு. அக்டோபர் வந்தால் மின்வெட்டு கூடியதற்கு இதுவே காரணம்.

2008 நவம்பர் 1 முதல் உயர் அழுத்த ஆலைகளுக்கு 40 சதவீத வெட்டும், மாலை உச்ச நேரக் கட்டுப்பாடும் வந்தன. ஆலைகளுக்கு மீட்டர் இருந்ததால் அங்கே சதவீதத்தில் வெட்ட முடிந்தது. மற்ற எல்லாருக்கும் ஃபீடரை அணைப்பது ஒன்றே வழி, அதனால் வெட்டு மணிக்கணக்கில் வந்தது. ஆர்க்காடு வீராசாமி மின்துறை அமைச்சராக இருந்த அந்த ஆண்டுகளின் கோபம் 2011 தேர்தலில் தி.மு.க.வைப் பாதித்தது. பதவிக்கு வந்த அ.தி.மு.க. அரசு 2012 பிப்ரவரியில் சென்னைக்கு இரண்டு மணி நேரம், மற்ற மாவட்டங்களுக்கு நான்கு மணி நேரம் என்று அறிவித்தது. அவ்வாண்டு இறுதியில் மாவட்டங்களில் இருட்டு பன்னிரண்டு மணி நேரத்தைத் தாண்டியது, சென்னைக்கு இரண்டு மணி நேரமே நீடித்தது.

விவாதத்தின் முகம் இங்கே மாறியது. விவசாயியா தொழிலா என்று இருந்த பிளவு, சென்னையா மற்ற ஊர்களா என்று ஆனது. தலைநகரில் இருப்பவர்கள் எழுதிய கட்டுரைகளுக்கும், கோவையிலிருந்தும் மதுரையிலிருந்தும் வந்த ஆசிரியர் கடிதங்களுக்கும் தொனியே வேறு. சோமனூர், பல்லடம் பக்கம் கூலிக்கு நெய்யும் விசைத்தறிக்காரருக்கு மொத்த நேரத்தைவிட, கரண்ட் எத்தனை முறை போய் வருகிறது என்பது பெரிய கவலை. தறி பாதியில் நின்று மீண்டும் ஓடும் இடத்தில் துணியில் கோடு விழும், துணி இரண்டாம் தரமாகும். ஒரு மணி நேரம் விட்டு ஒரு மணி நேரம் என்ற அட்டவணை, காகிதத்தில் நியாயமாகத் தெரிந்தாலும், தறிக்கு மிக மோசமானது. ஜெனரேட்டர் வைக்க வசதியுள்ள ஆலை டீசலில் ஓடியது, வார்ப்படப் பட்டறைகளும் சிறு லேத் பட்டறைகளும் ஆட்களைக் குறைத்தன. வீடுகளில் இன்வெர்ட்டர் வாங்கக்கூடியவர்கள் வாங்கினார்கள். கரண்ட் இருந்த நேரத்தில் அந்த பேட்டரிகளும் சார்ஜ் ஏற்றிக்கொண்டு பற்றாக்குறையைக் கூட்டின.

இந்தக் கோபம் கூடங்குளம் அணு உலை எதிர்ப்புப் போராட்டத்தின் மீது திருப்பிவிடப்பட்டது. 2011 செப்டம்பரில், மக்களின் அச்சம் தீரும்வரை பணிகளை நிறுத்தக் கோரித் தீர்மானம் போட்ட அதே அமைச்சரவை, 2012 மார்ச் 19-இல் அணு உலைக்குப் பச்சைக்கொடி காட்டியது. முந்தைய நாள்தான் சங்கரன்கோவில் இடைத்தேர்தல் வாக்குப்பதிவு முடிந்திருந்தது. உலையை எதிர்த்த இடிந்தகரை மீனவர்கள் ஊர் முழுவதின் விளக்கை அணைப்பவர்களாகச் சித்தரிக்கப்பட்டார்கள். மின்வெட்டையே வேண்டுமென்று கூட்டுகிறார்கள் என்று போராட்டக்காரர்கள் பதிலுக்குக் குற்றம்சாட்டினார்கள். முதல் உலை 2013 அக்டோபரில் மின்தொகுப்போடு இணைந்தபோது அதில் தமிழ்நாட்டின் பங்கு ஏறத்தாழ பாதிதான். 4,000 மெகாவாட் அளவிலான பற்றாக்குறைக்கு எதிரே அது ஒரு பகுதிதான் என்பதை அன்றைய தொலைக்காட்சி விவாதங்களில் சொன்னவர்கள் குறைவு.

மின்வெட்டு தளர்ந்ததற்குக் காரணங்கள் பரபரப்பில்லாதவை. வல்லூர், மேட்டூர், வடசென்னை விரிவாக்க நிலையங்கள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின. 2013 டிசம்பர் 31-இல் ராய்ச்சூர்–சோலாப்பூர் மின்தடம் தென்னகத் தொகுப்பை நாட்டின் மற்றப் பகுதியோடு இணைத்தது, அதுவரை வடக்கே விலைக்குக் கிடைத்தாலும் கொண்டுவரப் பாதை போதவில்லை. மீதியைக் கடன் வாங்கி நிரப்பினார்கள். 2012 ஏப்ரலில் சராசரியாக 37 சதவீதம் கட்டணம் உயர்ந்தும் கடன் ஏறிக்கொண்டே போக, 2017-இல் மத்திய அரசின் கடன் சீரமைப்புத் திட்டமான உதய் திட்டத்தில் சேர்ந்த மாநில அரசு, வாரியத்தின் வாரிசான மின்பகிர்மானக் கழகத்தின் கடனில் 22,815 கோடி ரூபாயைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டது. இருட்டு கடனாக மாறியதும் பொதுவெளியில் பேச்சு ஓய்ந்துவிட்டது. 2021-இல் அமைச்சர் செந்தில்பாலாஜி மின்தடைக்கு அணில்களைக் காரணம் சொன்னபோது அது ஒரு வாரத்துக்குக் கேலிப்பொருளானது, அவ்வளவுதான்.

மீட்டர் பிரச்சினை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. 2020-இல் மானியத்தை நேரடியாகப் பயனாளியின் வங்கிக் கணக்கில் செலுத்தச் சொல்லும் மின்சாரத் திருத்த மசோதாவின் வரைவு வந்தபோது, முதலமைச்சர் பழனிசாமி பிரதமருக்கு எதிர்ப்புக் கடிதம் எழுதினார், எதிர்க்கட்சியான தி.மு.க.வும் எதிர்த்தது. மற்ற எல்லாவற்றிலும் முட்டிக்கொள்ளும் இருவரும் இதில் ஒரே பக்கம். இப்போதைய யோசனை விவசாய ஃபீடர்களைத் தனியாகப் பிரித்து, துணை மின்நிலையத்தில் அளப்பது. அப்படிச் செய்தால் ஒரு வட்டாரத்துக் கிணறுகள் சேர்ந்து இழுக்கும் மின்சாரத்தைக் கிணற்றடியில் யாரும் மீட்டர் மாட்டாமலே தெரிந்துகொள்ளலாம், கம்பியில் காணாமல் போவதும் கூடவே தெரியவரும். வாரியத்துக்கு இரண்டாவது எண்ணைவிட முதல் எண்ணில்தான் ஆர்வம் அதிகம் என்பது என் ஊகம்.