வெண்தூணும் கருங்கரமும்

முடியரசின் பிடியை உதறித் தள்ளிய ஒரு நாடு, தன் ஆட்சி மன்றத்தை எந்த வடிவத்தில் எழுப்பும்? 1783ல் பிரிட்டனிடமிருந்து முழு விடுதலை பெற்ற அமெரிக்கரின் எதிரே நின்ற கேள்வி இது. அவர்கள் அறிந்த கட்டிடக் கலையோ இலண்டனிலிருந்து கப்பலேறி வந்தது. ஜார்ஜ் என்ற பெயர் தாங்கிய மன்னர்கள் காலத்தில் வளர்ந்ததால் ‘ஜார்ஜியப் பாணி’ என்றே அதற்குப் பெயர். மன்னனை விரட்டிவிட்டு, மன்னன் பெயரால் வழங்கும் மாளிகையிலேயே மக்களாட்சியைக் குடியேற்றுவதா?

வேறு வடிவம் தேடினர். தேடிய காலமும் வாய்ப்பான காலம். 1738ல் எர்குலேனியம், 1748ல் பாம்பே எனச் சாம்பலில் புதைந்த ரோமானிய நகரங்கள் தோண்டப்பட்டு, அவற்றின் சுவரோவியங்களும் கூடங்களும் ஐரோப்பாவை வியப்பில் ஆழ்த்தியிருந்தன. ஆதென்சு நகரின் பழங்கட்டிடங்களை அங்குலம் அங்குலமாக அளந்து, ஸ்டூவர்ட், ரெவெட் எனும் இருவர் வெளியிட்ட பெருநூலின் முதல் தொகுதி 1762ல் வந்தது. ஆதென்சு — குடியாட்சி கண்ட ஊர்! ரோம் — அரசனைத் துரத்திக் குடியரசு நாட்டிய ஊர்! ‘செனட்’ என்ற பெயரை ரோமிடமிருந்து எடுத்தவர்கள், ‘காபிடல்’ என்ற பெயரையும் எடுத்தார்கள், தூணையும் எடுத்தார்கள். புதுச் செவ்வியல் பாணி அமெரிக்க மண்ணில் வேரூன்றிய கதை இதுதான்.

முதலில் எடுத்தவர் தாமஸ் ஜெபர்சன். 1776ல் விடுதலைப் பிரகடனத்தைத் தீட்டிய அதே கை, 1785ல் விர்ஜீனியாவின் சட்டமன்றக் கட்டிடத்துக்கு வரைபடம் தீட்டியது. அப்போது அவர் பாரிசில் தூதர். கிளெரிசோ என்ற பிரெஞ்சுக் கட்டிடக் கலைஞரின் துணையோடு, நீம் நகரிலுள்ள ‘மேசான் காரே’ என்னும் ரோமானியக் கோயிலை முன்மாதிரியாகக் கொண்டார். சுண்ணச் சாந்தில் மாதிரி வடிவம் செய்வித்து, கடல் கடந்து ரிச்மண்டுக்கு அனுப்பினார். அந்தக் கோயிலை அவர் நேரில் கண்டது அதற்குப் பிறகு, 1787ல்தான்! கண்டதும், காதலியைக் காணும் காதலன் போல மணிக்கணக்கில் நின்றதாகக் கடிதமும் எழுதினார்.

நகைப்புக்குரிய செய்தி ஒன்றுண்டு. குடியரசுக்கு முன்மாதிரியென அவர் தேர்ந்த கோயில், ரோமின் குடியரசு மாண்ட பிறகு, பேரரசன் அகஸ்டசின் பேரப்பிள்ளைகள் இருவர் பெயரால் எழுப்பப்பட்டது. மன்னராட்சியை ஒழித்தவர், இளவரசர்களின் நினைவுக் கோயிலைப் பெயர்த்து வந்து சட்டமன்றமாக்கினார். தூண் பேசாது, நாம் சொல்லும் பொருளை ஏற்று நிற்கும்.

நிறத்திலும் இதே மயக்கம். கிரேக்கக் கோயில்களில் செம்மையும் நீலமும் பளிச்சிட்டன. மழையும் வெயிலும் வண்ணத்தைக் கரைத்துவிட்ட பின் எஞ்சிய வெண்மையைக் கண்டவர்கள், வெண்மையே தூய்மை, வெண்மையே அறிவின் நிறம் என்று மயங்கினர். அமெரிக்கா வெள்ளை பூசிக்கொண்டது. பளிங்குக்குப் பணமில்லாத இடத்தில் மரம், கல் வேடம் பூண்டது. மவுண்ட் வெர்னனில் வாஷிங்டனின் மாளிகைச் சுவர்களைக் கல் என்று எண்ணாதவர் இலர். உண்மையில் அவை, கல்லடுக்குப் போல் விளிம்பு செதுக்கி, ஈர வண்ணத்தின் மேல் மணலைத் தூவிய பைன் பலகைகள்!

கலையழகை மறுப்பதற்கில்லை. மாசசூசெட்சு மாநிலத்துச் சேலம் நகரில் (நம் சேலம் வேறு!) சாமுவேல் மெக்கின்டயர் என்ற மரச்சிற்பி, கணப்பு மாடங்களில் கதிர்க்கட்டும் கனிக்கூடையும் செதுக்கிய நேர்த்தியைப் படத்தில் பார்த்தாலும் வியக்கலாம். அந்த வணிகர் வீடுகளின் செல்வத்தில், சுமத்திராவின் மிளகுக்கும் பங்குண்டு. தலைநகரின் காபிடலில், 1809ல் லாட்ரோப் நிறுத்திய தூண்களை இன்னும் உயர்வாகச் சொல்வேன். கிரேக்க இலைக்கொத்து இருக்கவேண்டிய போதிகையில், மக்காச்சோளக் கதிர்களைச் செதுக்கச் செய்தார் அவர். இரவல் பாணியில், தன் வயலின் விளைச்சல்! 1814ல் பிரிட்டிஷ் படை காபிடலைக் கொளுத்தியபோதும் அந்தத் தூண்கள் தப்பி நின்றன, இன்றும் நிற்கின்றன.

இக்கலையை விளக்கும் வண்ணப்பட ஏடுகள் பல உண்டு. பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். மெல்லிய கால்களையுடைய நாற்காலிகள், முட்டை வடிவக் கூடங்கள், வாயிலின் மேல் விசிறி விரித்த கண்ணாடி — எல்லாம் இருக்கும். ஆள் இருக்கமாட்டார். தரையைத் துடைத்தது யார், செங்கல் சுட்டது யார், மணற்கல்லை வெட்டியது யார்? ஏடு வாய் திறக்காது. கணக்கேடு வாய் திறக்கிறது. வெள்ளை மாளிகைக்கு 1792லும், காபிடலுக்கு 1793லும் அடிக்கல் நாட்டினர். அவற்றைக் கட்டிய காலத்துக் கூலிக் கணக்கில், கறுப்பு அடிமைகளின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. உழைத்தவர் பெயர் ஒருபுறம். பணம் பெற்ற உடைமையாளர் பெயர் மறுபுறம்!

இனி, மாண்டிசெல்லோ போவோம். விர்ஜீனியாவின் குன்றொன்றில் ஜெபர்சன் தமக்கெனக் கட்டிய இல்லம் அது. ஒருமுறை கட்டி, மனம் நிறையாமல், 1796ல் தொடங்கி இடித்தும் விரித்தும் 1809 வரை மீண்டும் கட்டினார். குவிமாடம், தூண் முகப்பு, நூலக அறை. எல்லாம் அறிவாளியின் இல்லத்துக்கு ஏற்றவை. நுழைவுக் கூடத்துக் கடிகாரத்தின் எடைக்குண்டுகள் இறங்க இறங்க, சுவரில் எழுதிய கிழமையைக் காட்டும்; சுவரின் உயரம் போதாமல் தரையைத் துளைத்ததால், சனிக்கிழமை நிலவறைக்குப் போய்விட்டது!

உணவறைக்கு வாருங்கள். கணப்பின் இரு பக்கமும் சிறு கதவுகள். திறந்தால், கீழேயுள்ள மதுவறையிலிருந்து மதுப் புட்டி தானாக மேலே வரும். இன்னொரு புறம் சுழல் கதவு. அதன் முதுகில் தட்டுகள். வெளியே உணவை அடுக்கி ஒரு சுழற்று; உணவு உள்ளே வந்து நிற்கும். விருந்தினர் வியந்தனர். பணியாளர் குறுக்கிடாத விருந்து. உரிமை, சமத்துவம், மனிதனின் மாண்பு எதைப் பற்றியும் தடையின்றி உரையாடலாம். ஆனால், மதுப் புட்டி தானாக வந்ததா? நிலவறையில் ஒருவர் நின்று தூக்குப் பெட்டியில் வைத்து மேலே ஏற்றினார். கதவின் மறுபுறம் ஒருவர் நின்று தட்டை அடுக்கினார். சமையலறை, பால்கூடம், குதிரைக் கொட்டில் அனைத்தும் மேடைத் தளத்தின் அடியில், குன்றின் சரிவில் மறைக்கப்பட்டன. அடிமையின் உழைப்பு வேண்டும். முகம் கண்ணில் படக்கூடாது. அந்தத் தேவையைத் தீர்த்துவைத்தது கட்டிடக் கலை.

தம் வாழ்நாளில் 600க்கும் மேற்பட்ட மனிதர்களை உடைமையாக வைத்திருந்தவர் ஜெபர்சன். 1794ல் தொடங்கிய ஆணிப் பட்டறையில் 10 முதல் 16 வயது வரையுள்ள சிறுவர்கள் சம்மட்டி பிடித்தனர். மாண்டிசெல்லோவின் நுட்பமான மர வேலைகளிலும் இருக்கைகளிலும் கைத்திறன் காட்டியவர்களுள் ஒருவர் ஜான் எம்மிங்ஸ் என்ற அடிமைத் தச்சர்.

முதுமையில் ஜெபர்சன் எழுப்பியது விர்ஜீனியாப் பல்கலைக் கழகம். 1825ல் கல்வி தொடங்கிற்று. அந்நாளைய கல்லூரிகளில் நடுவிடம் வழிபாட்டு மன்றத்துக்கு உரியது. இவர் அவ்விடத்தில் ரோமின் பாந்தியனைப் பாதி அளவில் எழுப்பி, உள்ளே நூல்களை அடுக்கினார். தெய்வங்கள் அனைத்துக்கும் என எழுந்த கோயிலின் வடிவம், ஏடுகளின் இல்லமாயிற்று! பகுத்தறிவாளன் பெருமிதத்தோடு பார்க்கவேண்டிய கட்டிடம். அதன் செங்கல்லையும் அடிமைகளின் கரங்களே சுமந்தன. அவர்களுக்கு அங்கே நினைவுச் சின்னம் அமைந்தது 2020ல்தான்.

1826ல், விடுதலைப் பிரகடனத்தின் 50ஆம் ஆண்டு நிறைவான சூலை 4 அன்றே ஜெபர்சன் மறைந்தார். விட்டுச் சென்றது கடன் மலை. உயிலின்படி விடுதலை பெற்றவர் ஐவர். ஜான் எம்மிங்ஸ் அவருள் ஒருவர். ஜோசப் பாசெட் என்ற கொல்லர் மற்றொருவர். இவ்விருவரும் ஓராண்டு காத்திருக்க வேண்டும் என்றது உயில். அந்த ஓராண்டு முடியுமுன்பே, 1827 சனவரியில், மாண்டிசெல்லோவின் தட்டுமுட்டுகளோடு 130 மனிதரும் ஏலத்துக்கு வந்தனர். பாசெட்டின் மனைவி ஈடித், வெள்ளை மாளிகையில் ஜெபர்சனுக்குச் சமைத்தவர், அவரும் விற்கப்பட்டார். மகன் பீட்டருக்கு வயது 11. அவனும் விற்கப்பட்டான்.

கொல்லர் அரும்பாடுபட்டு மனைவியையும் பிள்ளைகள் சிலரையும் மீட்டு, அடிமை முறையற்ற ஓகையோ மாநிலத்துச் சின்சினாட்டிக்குக் குடிபெயர்ந்தார். பீட்டர் விடுதலை பெற்று அங்கே வந்து சேர 1850 ஆயிற்று. 1900ல், எண்பதைக் கடந்த பீட்டர் பாசெட், தாம் பிறந்த மாண்டிசெல்லோவைப் பார்க்கப் பயணமானார். தூண்கள் அப்படியே நின்றன.